மாங்காய் சீசன் சந்தேகங்கள்: கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரையில் முதல் செந்தூரா மண்டிக்கு வந்ததிலிருந்து ஆடியில் கடைசி நீலம் தீரும் வரைக்கும் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர், காரிமங்கலம் பக்கம் பேச்சு முழுக்க மாங்காய்தான். டீக்கடையிலும், போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும், சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறோம். பாதிச் சந்தேகங்களுக்கு வேர் ஒன்றுதான்: காய் விளைந்தபின் பறித்ததா, விலைக்காக முன்கூட்டியே பறித்ததா. அதனால் 3-ஆம் கேள்வியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

1. நம்ம பக்கம் எந்த ரகம் எந்த மாசம் வரும்?

வருஷத்துக்கு வருஷம் பத்துப் பதினைந்து நாள் முன்னே பின்னே ஆகும்; வரிசை பெரும்பாலும் மாறாது. ஏப்ரல் கடைசியில் செந்தூரா. மே மாதம் அல்போன்சா, பங்கனப்பள்ளி. மே நடுவிலிருந்து ஜூன் வரை இமாம் பசந்த், மல்கோவா. மே கடைசியில் தொடங்கி ஜூலை வரை பெங்களூரா. எல்லாரும் ஓய்ந்த பிறகு ஜூன், ஜூலையில் நீலம்.

இந்த வரிசை மனதில் இருந்தால் ஏமாற மாட்டீர்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒருவர் "லோக்கல் மல்கோவா" என்று விற்றால், ஒன்று அது வேறு ஊர்ச் சரக்கு, இல்லாவிட்டால் விளையாத காய்.

2. பெங்களூரா, கிளிமூக்கு, தோத்தாபுரி... மூணும் ஒண்ணா, வேற வேறயா?

மூன்றும் ஒரே காய். ஆந்திரப் பக்கம் இதையே கலெக்டர் என்றும் சொல்வார்கள். நீளமாக, நுனியில் கிளி மூக்கு மாதிரி வளைந்து, ஒரு காய் 250 கிராமிலிருந்து அரைக் கிலோ வரை நிற்கும். மாவட்டத்தில் அதிகமாகப் பயிராவது இதுதான். பத்தை போட்டு உப்பு, மிளகாய்த்தூள் தூவித் தின்ன இதைவிட நல்ல காய் கிடையாது. மொறுமொறுப்பு அதிகம், புளிப்பு அளவு. கூழ் ஆலைகள் ஏன் இதையே வாங்குகின்றன என்பது 16-இல்.

3. கடையில பாத்து நல்ல பழமா எப்படி எடுக்கிறது? மஞ்சளா இருந்தா போதுமா?

போதாது. நிறம் நம்பத்தக்க அடையாளம் இல்லை. செந்தூராவின் சிவப்பு வெயில் பட்ட பக்கத்தில் ஏறுவது. அதற்கும் பழுத்ததற்கும் சம்பந்தம் கிடையாது. இமாம் பசந்த் நன்றாகப் பழுத்தும் பச்சையாகவே இருக்கும். கடும் வெயிலில் அறைச் சூடு 30 டிகிரிக்கு மேலே இருந்தால் மற்ற ரகங்களும் உள்ளே பழுத்து, தோல் பாதி பச்சையாக நின்றுவிடும்.

பார்க்க வேண்டியது தோள். விளைந்த காயில் காம்பின் இரண்டு பக்கமும் தோள் எழும்பி, காம்பு ஒரு சின்னக் குழியில் உட்கார்ந்திருக்கும். விளையாத காயில் தோள் சரிந்து, காம்பு துருத்திக்கொண்டு நிற்கும். அடுத்தது தோலிலுள்ள புள்ளிகள்: விளைந்ததில் நன்றாகத் தெரியும். தோல்மேல் லேசாகச் சாம்பல் பூத்த மாதிரி இருப்பதும் நல்ல அறிகுறி. வியாபாரி ஒன்றை வெட்டிக் காட்டச் சம்மதித்தால் கொட்டையை ஒட்டிய சதையைப் பாருங்கள். அங்கே மஞ்சள் ஏறியிருந்தால் விளைந்த காய். வெள்ளையாக இருந்தால் பிஞ்சு.

பழமாக வாங்கும்போது காம்புப் பக்கம் மூக்கை வைத்துப் பாருங்கள், வாசனை முதலில் அங்கேதான் வரும். விரல் நுனியால் அழுத்தாதீர்கள். அழுத்திய இடம் மறுநாள் கறுத்துவிடும், அடுத்து வாங்குபவருக்கு நஷ்டம். உள்ளங்கையில் வைத்து மெதுவாகப் பிடித்தாலே இளக்கம் தெரியும். தோல் சுருங்கி மஞ்சளாக இருக்கும் பழத்தை மலிவு என்று எடுக்காதீர்கள். அது பிஞ்சில் பறித்து வாடிய காய்.

4. தோப்புல இருந்து காயா குடுத்துட்டாங்க. வீட்ல எப்படிப் பழுக்க வைக்கிறது?

முதல் நாள் காம்பு கீழே இருக்கும்படி கோணிமேல் நிழலில் கவிழ்த்து வையுங்கள். பால் வடிந்து நிற்கும். ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் இரண்டு அங்குலம் காய்ந்த வைக்கோல் பரப்பி, காய் ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்குங்கள். ஓரடுக்கு சிறப்பு, அதிகம் போனால் இரண்டு. மேலே வைக்கோல் போட்டுப் பருத்தித் துணியாலோ கோணியாலோ மூடுங்கள். வைக்கோல் கிடைக்காவிட்டால் அட்டைப்பெட்டியும் செய்தித்தாளும் போதும். ஐந்து கிலோவுக்கு இரண்டு பழுத்த வாழைப்பழம் நடுவில் வைத்தால் ஒன்றிரண்டு நாள் முன்னதாகப் பழுக்கும். வாழைப்பழம் விடும் எத்திலீன்தான் காரணம். மாங்காயும் அதே வாயுவைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

ஐந்து முதல் எட்டு நாளில் தயார். தினமும் ஒரு தடவை திறந்து, இளகியதை எடுத்துவிடுங்கள், அழுகியதைத் தூர எறியுங்கள். கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று வழியில். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் காற்றில்லாமல் புளித்த வாடை வரும். வைக்கோல் ஈரமாக இருந்தால் தோலில் கரும்புள்ளி பரவும். பிஞ்சுக் காயாக இருந்தால் என்ன செய்தாலும் வாடும், இனிக்காது.

அரிசி டின்னுக்குள் வைப்பது தவறில்லை, வாயு வெளியே போகாமல் நிற்பதால் சீக்கிரம் பழுக்கும். ஆனால் காகிதத்தில் சுற்றி வையுங்கள், எத்தனை வைத்தோம் என்று எண்ணி வையுங்கள். மறந்த ஒரு பழம் மொத்த அரிசியையும் வீணாக்கிவிடும்.

5. ஃபிரிட்ஜ்ல வெச்ச காய் பழுக்கவே இல்ல, கறுத்தும் போச்சு. ஏன்?

மாங்காய் வெப்ப மண்டலத்துப் பயிர். ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் காயின் பழுக்கும் வேலையே தடைபட்டு, தோல் பழுப்பாகிக் குழி விழும். வீட்டு ஃபிரிட்ஜ் 4, 5 டிகிரியில் ஓடுகிறது. வெளியே எடுத்து வைத்தாலும் அந்தக் காய் மீளாது. முழுதாகப் பழுத்தபின் உள்ளே வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும்.

6. தண்ணில போட்டா மிதக்குது. அப்ப அது கல்லு வெச்ச பழந்தானே?

இல்லை. (கல் என்பது காயைச் சீக்கிரம் மஞ்சளாக்க வைக்கும் கால்சியம் கார்பைடு.) இந்தச் சோதனையை எல்லாரும் நம்புகிறார்கள், ஆனால் அது காட்டுவது வேறு. காய் விளைய விளைய உள்ளே மாவும் சர்க்கரையும் சேர்ந்து கனம் கூடும். விளைந்த காய் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனமாகி முங்கும். விளையாதது மிதக்கும். மாம்பழம் தானாகப் பழுத்ததா, கார்பைடில் பழுத்ததா என்பதைத் தண்ணீரால் சொல்ல முடியாது.

ஒரு தொடர்பு மட்டும் உண்டு. பிஞ்சில் பறித்த காயைத்தான் அவசரமாகக் கல் வைத்து மஞ்சளாக்குகிறார்கள். அதனால் மிதக்கிற பழத்தில் கல் வைத்ததும் இருக்கலாம். ஆனால் வைக்கோலில் வைத்த பிஞ்சும் மிதக்கும், நன்றாக விளைந்த காயைக் கல் வைத்துப் பழுக்க வைத்தால் அதுவும் முங்கும்.

7. அப்ப கல்லு வெச்சதை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? எத்திலீன்னு சொல்றாங்களே, அதுவும் கெடுதலா?

வீட்டில் உறுதியாகக் கண்டுபிடிக்க வழியில்லை, சந்தேகப்பட அடையாளங்கள் உண்டு. கூடையிலுள்ள அத்தனை பழமும் ஒரே சீரான மஞ்சளாக இருப்பது, மஞ்சளாக இருந்தும் காம்புப் பக்கம் வாசனையே இல்லாதது, வெட்டினால் தோல் பழம் போலவும் சதை காய் போலவும் புளிப்பாக இருப்பது. தோலில் வெள்ளைச் சாம்பல் தூள் ஒட்டியிருந்தால் வாங்கவே வேண்டாம். தீக்குச்சி கொளுத்திப் பெட்டிப் பக்கத்தில் காட்டும் சோதனையைச் செய்யாதீர்கள். கார்பைடு ஈரம் பட்டு விடும் அசிட்டிலீன் தீப்பிடிக்கும் வாயு.

கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் சேர்மங்கள் கலந்திருக்கும். தொடுகிறவர் கையையும் மூச்சையும்தான் முதலில் பாதிக்கும். அதனால் 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி அதில் பழுக்கவைத்த பழத்தை விற்பது தடை. எத்திலீன் வேறு. 4-இல் சொன்ன மாதிரி அது பழம் தானே விடும் வாயு. அறைக்குள் 100 பிபிஎம் வரை (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) விட்டுப் பழுக்க வைக்க அனுமதி உண்டு. முறையான அறையில் 20 டிகிரியை ஒட்டிய குளிரும், நல்ல ஈரப்பதமும், இடையிடையே காற்று மாற்றமும் இருக்கும். எத்திலீன் பொடிப் பொட்டலங்கள் வைப்பதானால் பொடி பழத்தில் படக்கூடாது. காய்களை எத்திபான் மருந்துக் கரைசலில் முக்கி எடுப்பது தவறான முறை.

எத்திலீன் வைத்தாலும் பிஞ்சு இனிக்காது. வாயு பழுக்கிற வேலையைத் தொடங்கி வைக்கும், அவ்வளவுதான். உள்ளே சேராத மாவைச் சர்க்கரையாக மாற்ற எந்த வாயுவாலும் முடியாது.

8. சாப்பிடறதுக்கு முன்னாடி தண்ணில ஊறப்போடணும்னு பாட்டி சொல்றாங்க. உண்மையா?

பாட்டி சொல்வதைச் செய்யுங்கள். மாமரமும் முந்திரியும் ஒரே குடும்பம். மாங்காய்ப் பாலில், முந்திரி ஓட்டு எண்ணெயில் இருப்பதைப் போன்ற, தோலை அரிக்கும் பொருள் உண்டு. பறிக்கும்போது வடிந்த பால் காம்பைச் சுற்றிக் காய்ந்து நிற்கும். அரை மணி நேரம் தண்ணீரில் வைத்துக் கையால் தேய்த்துக் கழுவினால் பாலும் புழுதியும் மேலே ஒட்டிய மருந்தும் பெருமளவு போகும். பிறகு காம்புப் பக்கம் அரை அங்குலம் சீவி எறிந்துவிட்டு வெட்டுங்கள். பழத்தைத் தோலோடு கடித்து உறிஞ்சும் பிள்ளைகளுக்கு உதட்டோரம் புண் வருவது பெரும்பாலும் இந்தப் பாலால்தான்.

9. மாம்பழம் சூடு, சாப்பிட்டா கட்டி வரும்ங்கறாங்களே?

வேனற்கட்டியும் வேர்க்குருவும் வருவது வியர்வைத் துவாரம் அடைத்து, தோலில் கிருமி சேர்வதால். அது உச்சத்தில் இருப்பது சித்திரை, வைகாசியில். மாம்பழமும் அதே மாதங்களில்தான். இரண்டும் சேர்ந்து வருவதால் பழத்தின் மேல் பழி விழுகிறது. பழம் உடல் வெப்பத்தை ஏற்றுவதில்லை. வாயைச் சுற்றி வரும் கொப்புளத்துக்குக் காரணம் 8-இல் இருக்கிறது.

ஒரே உட்காரலில் ஐந்தாறு பழம் தின்றால் வயிறு இளகும், அது சர்க்கரையும் நாரும் செய்யும் வேலை. பழத்துக்கு அப்புறம் மோர் குடிக்கும் வழக்கம் நல்ல வழக்கம்தான். அந்த வெயிலில் உடம்புக்கு எப்படியும் தண்ணீர் வேண்டும்.

10. எனக்கு சுகர் இருக்கு. ஒரு துண்டாவது தொடலாமா?

100 கிராம் சதையில் ஏறக்குறைய 15 கிராம் மாவுச்சத்து, அதில் 13, 14 கிராம் சர்க்கரை. ஒரு நடுத்தர நீலத்தின் சதை இந்த அளவுக்குத்தான் வரும். சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்கள் இந்த அளவைச் சாப்பிடும்போது வேறொன்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சோறோ களியோ வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு பழம் வைப்பதுதான் அளவை ஏற்றிவிடும். காலைக்கும் மதியத்துக்கும் நடுவே தனியாக, துண்டாக, மென்று சாப்பிடுவது நல்லது. ஜூஸ் வேண்டாம். இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள், உங்கள் உடம்புக்கு எவ்வளவு தாங்கும் என்று அதுவே சொல்லும். இன்சுலின் போடுபவர்களும் சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

11. மாம்பழம் தின்னுட்டு கூல்டிரிங்க்ஸ் குடிச்சா உசுருக்கே ஆபத்துன்னு ஒரு மெசேஜ் வருஷா வருஷம் வருதே?

பொய். பழத்திலுள்ள அமிலமும் சோடாவிலுள்ள அமிலமும் சேர்ந்து விஷமாக மாறும் வேதியியல் எதுவும் இல்லை. வயிறு உப்பும், சர்க்கரை இரட்டிப்பாகும், அவ்வளவே. அந்தச் செய்தி வந்தால் மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்.

12. பால்ல போட்டு அடிச்சா சில நாள் திரிஞ்சு போகுது, சில நாள் நல்லா வருது. ஏன்?

புளிப்புதான் காரணம். அரைப்பழுப்புப் பெங்களூராவில் அமிலம் மிச்சம் இருக்கும், அது பாலைத் திரிக்கும். நன்றாகப் பழுத்த செந்தூராவோ அல்போன்சாவோ திரிக்காது. பால் காய்ச்சி, நன்றாக ஆறி, குளிர்ந்திருக்க வேண்டும்; சூட்டோடு ஊற்றினால் லேசான புளிப்பே போதும் திரிவதற்கு. பழத்தை முதலில் தனியாக அடித்து, ஒரு பங்கு கூழுக்கு இரண்டு பங்கு பால் சேர்த்து, உடனே குடித்துவிடுங்கள்.

13. வெளிய ஒரு ஓட்டைகூட இல்ல, வெட்டினா கொட்டைக்குள்ள உயிரோட வண்டு. எப்படிப் போச்சு?

காய் கோலிக்குண்டு அளவில் இருக்கும்போதே போய்விட்டது. மாங்கொட்டை வண்டு பிஞ்சின் தோலில் சின்னக் கீறல் போட்டு முட்டை வைக்கும். பொரிந்த புழு நேராகச் சதையைத் துளைத்து, அப்போது இளசாக இருக்கும் கொட்டைக்குள் புகுந்துகொள்ளும். காய் பருக்கப் பருக்க அந்தத் துளை ஆறி மூடிவிடும், கொட்டையும் ஓடு கட்டிவிடும். புழு பருப்பைத் தின்றே வளர்ந்து, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகிறது. பழம் அழுகியபின்தான் வெளியே வரும். அதனால் சதை பெரும்பாலும் கெடாமல் இருக்கும். கறுத்த பகுதியை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம். வண்டு மூக்கில் ஏறும், மூளைக்குப் போகும் என்பதெல்லாம் பயமுறுத்தல்.

சதைக்குள் வெள்ளையாகத் துள்ளும் புழுக்கள் வேறு. அவை பழ ஈயின் பிள்ளைகள். பழ ஈ, விளைந்து பழுக்கத் தொடங்கும் காயில்தான் முட்டையிடும், ஊசி குத்தின மாதிரி புள்ளி தெரியும், அந்த இடம் கூழாகும். அதைச் சாப்பிட வேண்டாம்.

தோப்பில் இரண்டுக்கும் முதல் வைத்தியம் சுத்தம். விழுந்த காயை அன்றன்றைக்குப் பொறுக்கி, ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். பழ ஈக்கு மீத்தைல் யூஜினால் பொறி ஏக்கருக்கு 4 முதல் 10 வரை கட்டலாம். அது ஆண் ஈயை மட்டுமே பிடிக்கும் என்பதால், காய் விளையத் தொடங்குமுன்பே கட்டி, பக்கத்துத் தோப்புக்காரர்களும் சேர்ந்தால்தான் பலன். கொட்டை வண்டு அடுத்த பூ வரை மரப்பட்டை வெடிப்பில் ஒளிந்திருக்கும். அறுவடை முடிந்ததும் அடிமரத்தின் செதில் பட்டையைச் சுரண்டி எடுப்பதும், தின்ற கொட்டைகளைத் தோப்பிலேயே எறியாமல் இருப்பதும் உதவும்.

14. அணில் கடிச்ச பழம் தனி ருசிங்கறாங்க. சாப்பிடலாமா?

அணில் கடித்ததால் பழம் இனிப்பதில்லை. இனிக்கிற பழத்தைத் தேடித்தான் அணில் கடிக்கிறது. காயம் பட்ட காய் எத்திலீனைக் கூடுதலாக விட்டுச் சீக்கிரம் பழுப்பதும் உண்டு. ஆனால் கடித்தது அணிலா வௌவாலா என்று பல் தடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2018-இல் கோழிக்கோட்டில், வௌவாலிடமிருந்து பரவும் நிபா வைரஸ் காய்ச்சல் வந்ததிலிருந்து, கடிபட்ட பழத்தைச் சாப்பிட வேண்டாம் என்பதே சுகாதாரத் துறையினர் சொல்வது. கடிபட்ட பகுதியை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடுவதும் வேண்டாம்.

15. அல்போன்சா வெளிய அருமையா இருக்கு, உள்ள வெள்ளையா பஞ்சு மாதிரி. ஏமாத்திட்டாங்களா?

வியாபாரிக்கும் தெரிந்திருக்காது. அல்போன்சாவுக்கே உரிய கோளாறு இது. மரத்தில் அதிக நாள் நின்ற காயில், கொட்டை உள்ளேயே முளைப்புக்குத் தயாராகத் தொடங்குவதும், வெயிலில் காய்ந்த தரையிலிருந்து எழும் அனலும் சேர்ந்து கொட்டையை ஒட்டிய சதை பழுக்காமல் பஞ்சாக நின்றுவிடுகிறது. வெளியே ஒரு அடையாளமும் தெரியாது.

விளைந்தபின் பறிக்கச் சொன்ன நாங்களே, இந்த ரகத்துக்கு மட்டும் கொஞ்சம் முன்னதாக என்கிறோம்: முழு விளைச்சலில் 80, 85 சதவீதத்தில் பறித்துவிடுவது நல்லது. மரத்தடியில் காய்ந்த இலை, வைக்கோல் மூடாக்குப் போட்டால் தரை அனல் குறையும். பறித்த காயை வெயிலில் குவித்து வைக்கவே கூடாது.

16. ஜூஸ் கம்பெனிக்காரங்க இவ்வளவு ருசியான பழம் இருக்கும்போது ஏன் பெங்களூராவையே வாங்கறாங்க?

தனியாகத் தின்னும்போதுதான் அது சுமார். கூழாக்கும்போது அதன் குணம் வேறு. தோல் தடிப்பு, லாரியில் அடிபடாது. சதை அதிகம், கொட்டை மெலிது. வருஷம் தவறாமல் ஓரளவு காய்க்கும், விலையும் குறைவு. சர்க்கரை 14 முதல் 16 டிகிரி பிரிக்ஸ் (100 கிராம் சாற்றில் ஏறக்குறைய அத்தனை கிராம் சர்க்கரை), அதோடு அளவான புளிப்பும் இருப்பதால் சர்க்கரைப் பாகு சேர்த்தாலும் திகட்டாது. அல்போன்சாவின் வாசனைக்காக அதன் கூழைக் கொஞ்சம் கலப்பவர்களும் உண்டு.

ஆலையில் பழத்தைக் கழுவி, கூழெடுத்து, சூடேற்றிக் கிருமி நீக்கி, உடனே குளிர வைத்து, கிருமி நீக்கிய பைக்குள் நிரப்பி, 215 கிலோ இரும்பு டிரம்மில் அடைப்பார்கள். குளிர்சாதனம் இல்லாமலேயே ஒன்றரை ஆண்டு வரை நிற்கும். மார்கழியிலும் மாம்பழ பானம் கிடைப்பது இப்படித்தான். கடையில் வாங்கும் பானத்தில் பழத்தின் பங்கு எவ்வளவு என்று லேபிளில் பாருங்கள்; பழ பானம் என்று விற்க 10 சதவீதம் இருந்தாலே சட்டப்படி போதும்.

17. நல்ல மல்கோவா தின்னேன், கொட்டையை நட்டுட்டேன். அதே பழம் வருமா?

பெரும்பாலும் வராது. நம் பக்கத்து ரகங்களின் கொட்டையில் ஒரே கரு. அது மகரந்தம் கலந்து பிறந்த புதுச் செடி. தாயைப் போல இருக்கலாம், நாரும் புளிப்புமாகவும் இருக்கலாம், அதைத் தெரிந்துகொள்ள ஆறேழு வருஷம் காத்திருக்க வேண்டும். ஒட்டுச்செடி மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கும். போச்சம்பள்ளிக்குப் பக்கத்துச் சந்தூரில் ஒட்டுச்செடி நர்சரிகள் ஏராளம். அரசு தோட்டக்கலைப் பண்ணைகளிலும் கிடைக்கும்.

வாங்கும்போது ஒட்டு நன்றாக ஆறியிருக்கிறதா, பென்சில் தடிமன் இருக்கிறதா, ஒட்டுக்குக் கீழே துளிர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். கீழே வரும் துளிர் காட்டு மாங்கன்றினுடையது, அதை விட்டால் மேலே இருக்கும் நல்ல ரகத்தை அடக்கிவிடும். நட்ட பிறகும் கிள்ளிக்கொண்டே இருங்கள். குழி மூன்றடி நீளம், அகலம், ஆழம். மேல்மண்ணோடு மக்கிய எரு கலந்து நிரப்பி, ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்கும்படி நடுங்கள். ஒட்டு மண்ணில் புதைந்தால் அழுகும். முதல் மூன்று வருஷம் பூவைக் கிள்ளி எறிந்தால் மரம் தேறும். வீட்டுச் சுவரிலிருந்து பதினைந்து இருபது அடியாவது தள்ளி நடுங்கள். சின்ன இடத்துக்கு நீலம் ஏற்றது. இன்னும் குட்டையாக வேண்டுமென்றால், தஷேரியையும் நீலத்தையும் சேர்த்து உருவாக்கிய அம்ரபாலி.

18. போன வருஷம் கிளை ஒடியக் காய்ச்சது, இந்த வருஷம் பூவே இல்ல. கண்ணு பட்டுடுச்சா?

மரம் களைத்திருக்கிறது. மாமரம் பூப்பது பல மாதம் முதிர்ந்த கிளை நுனியில். ஒரு வருஷம் சுமை அதிகமானால், அறுவடைக்குப் பிறகு புதுத் துளிர் விடச் சத்து இல்லை. துளிர் இல்லாவிட்டால் அடுத்த தையில் பூ இல்லை. அல்போன்சா, இமாம் பசந்த், மல்கோவாவில் இந்தக் குணம் அதிகம். பெங்களூரா, நீலம் ஓரளவு ஒழுங்காகக் காய்க்கும்.

அறுவடை முடிந்ததும் ஆகஸ்ட், செப்டம்பரில் காய்ந்த கிளை, உள்நோக்கி வளர்ந்த கிளைகளை எடுத்து வெளிச்சம் விழச் செய்யுங்கள், மழை ஈரத்தில் எரு வையுங்கள். அப்போது வரும் துளிர்தான் அடுத்த பூ. குத்தகைக்கு விட்ட தோப்பில் வருஷா வருஷம் பேக்லோபுட்ரசால் ஊற்றிப் பூக்க வைக்கிறார்களா என்று கேளுங்கள். அது துளிர் வளர்ச்சியை அடக்கிப் பூவைத் தள்ளும் மருந்து. அளவு தெரியாமல் ஊற்றினால் மண்ணில் தங்கி, கணு குறுகி, மரம் நலிந்துவிடும். குத்தகைக்காரருக்கு ஒரு சீசன், மரம் உங்களுடையது. ஒப்பந்தத்திலேயே அதை எழுதி வாங்குங்கள்.

19. பூ நெறையப் பூத்துது, பிஞ்சும் புடிச்சது, எல்லாம் கொட்டிப் போச்சே?

ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும், கடைசியில் நிற்பது ஒன்றிரண்டு காய்தான். கொட்டுவதில் பெரும்பகுதி இயற்கை. அதற்கு மேலும் கொட்டினால் பூங்கொத்தைத் தட்டிப் பாருங்கள். பச்சைப் பழுப்பாகச் சின்னப் பூச்சிகள் துள்ளினால் தத்துப்பூச்சி; இலையில் பிசுபிசுப்பும் கறுப்பும் சேரும். வெள்ளை மாவு தூவின மாதிரி இருந்தால் சாம்பல் நோய். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கலாம், கொளுத்தும் வெயிலில் வேண்டாம். முழுப்பூவில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். மாம்பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் ஈக்கள். அவையும் செத்தால் பிஞ்சே பிடிக்காது.

பிஞ்சு பட்டாணி அளவில் கொட்டினால் என்.ஏ.ஏ. என்ற பயிர் ஊக்கி 20 பிபிஎம் தெளிப்பது வழக்கம். கடையில் கிடைக்கும் 4.5 சதவீதக் கரைசலில் 10 லிட்டர் தண்ணீருக்கு 4.5 மி.லி. போதும். கூடுதலாகப் போட்டால் எதிர்வேலை செய்து கொட்டல் அதிகமாகும். சித்திரைக் கோடைமழையில் காற்றும் ஆலங்கட்டியும் கொட்டுவதற்கு மருந்து கிடையாது. விழுந்ததை அன்றே பொறுக்கினால் ஊறுகாய்க்கும் வற்றலுக்கும் ஆகும்.

20. சென்னையில இருக்கற பொண்ணுக்கும் டெல்லியில இருக்கற பையனுக்கும் ஒரு பெட்டி அனுப்பணும். எப்போ பறிச்சு எப்படிப் போடறது?

இரண்டு பெட்டிக்கும் பறிப்பு ஒன்றுதான்: 3-இல் சொன்ன தோள் எழும்பிய காய். மண்டிக்குப் போகும் தோப்பில் மரத்தை ஒரே நாளில் மொத்தமாக உதிர்ப்பதால் விளைந்ததும் பிஞ்சும் கலந்துவிடும். வீட்டுக்குப் பறிக்கும்போது மரத்துக்கு இரண்டு மூன்று தடவையாக, விளைந்ததை மட்டும் பறிக்கலாம். பனி காய்ந்தபின் காலையில், வலை கட்டிய தொரட்டியால், காம்பு ஒரு செ.மீ.க்குக் குறையாமல் நிற்கும்படி பறியுங்கள். காம்பு அடியோடு போனால் பால் பீய்ச்சித் தோல் கருகும், பிறகு அதே இடத்தில்தான் அழுகல் தொடங்கும். தரையில் விழுந்த காயைப் பெட்டியில் சேர்க்காதீர்கள். வெளியே தெரியாத அடி மூன்றாம் நாள் கறுப்பாக வரும்.

அரை நாள் நிழலில் கவிழ்த்து வைத்துப் பால் வடிந்தபின் துடைத்து, ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, பக்கத்துக்கு நான்கைந்து ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் அடுக்குங்கள். அடுக்குக்கு நடுவே அட்டை வையுங்கள். சென்னைக்கு ஒரு ராத்திரிப் பயணம்தான், நிறம் மாறத் தொடங்கியதை வைக்கலாம். டெல்லிக்குக் கல் மாதிரி இருக்கும் பச்சைக் காய் மட்டும். வாழைப்பழம், எத்திலீன் பொட்டலம் எதுவும் உள்ளே வேண்டாம். இரண்டு பேருக்கும் ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள்: பெட்டி வந்த உடனே பிரிக்கணும், 4-இல் உள்ளபடி பரப்பி வைக்கணும், பழுக்கும் வரை ஃபிரிட்ஜ் பக்கம் போகக்கூடாது.